எல்லாரும் நேரில் வரவும்

904ஆம் எண் வீட்டில் இருக்கும் எனக்கு, மேலே 1004இல் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள யாரையும் கேட்க வேண்டியதில்லை. தலைக்கு மேலே நாரேயின் ஆஃபீஸ் நாற்காலி ஓடும். நிதானமாக நகர்ந்தால் வேலை நடக்கிறது. சர்ரென்று பின்னால் போய்ச் சுவரில் முட்டினால் நாத்தனாரிடமிருந்து ஃபோன். கொள்ளைநோய் வந்து அவளுடைய ஆஃபீஸ் வீட்டுக்குள் புகுந்ததிலிருந்து எனக்கு டிவி பார்க்கும் பழக்கமே விட்டுப்போயிற்று.

வியாழக்கிழமை காலை நாற்காலி அசையவே இல்லை.

அசையாத நாற்காலி ஆபத்தானது. பொரிக்கும் கரண்டியை எடுத்துக்கொண்டு மேலே போனேன்.

கரண்டியை வெறும் சாக்கு என்று நினைத்துவிடாதீர்கள். அன்று நாரேயின் மாமியாருக்கு மூன்றாம் ஆண்டுப் படையல். நோய் வந்த புதிதில் போனவர். சாவுக்கு வர ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. அடுத்தடுத்த படையல்களும் ஃபோனை நிறுத்தி வைத்துத்தான் நடந்தன. இந்த வருடம்தான் குடும்பம் முழுவதும் ஒரே அறையில் நின்று கும்பிடப்போகிறது. மீனும் சுரைக்காயும் மலையாகப் பொரிக்க வேண்டும். கீழ்வீட்டுக்காரி சும்மா இருக்கலாமா?

படையலோடு போயிருந்தால் பரவாயில்லை. அதே வாரத்தில் ஒரு கடுதாசியும் வந்து சேர்ந்தது. நாரேயின் மாமனார் மான்சு, அவள் வேலை பார்க்கும் கம்பெனியின் தலைவர் என்ற முறையில் எல்லா ஊழியருக்கும் அனுப்பியிருந்தார்: ‘மார்ச்சிலிருந்து வாரத்தில் ஐந்து நாளும் எல்லாரும் நேரில் வரவும்.’

அடுத்த வாரம் நாரேயின் மகள் சோமி ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள். மதியச் சோறு போட்ட கையோடு பள்ளிக்கூடம் வீட்டுக்கு அனுப்பிவிடும். சாயங்காலம் வரை பார்த்துக்கொள்ளும் வகுப்புக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். சோமியின் பெயர் விழவில்லை. புருஷன் கிதே மெட்ரோ ரயில் ஓட்டுகிறவன். அவன் ஷிஃப்ட்டை அந்தக் கடவுளே கணித்துச் சொல்ல முடியாது. ஆக, ஆஃபீஸுக்கு வா என்றால் நாரே வேலையை விடவேண்டும். இந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வருவதற்கு முன்பே அவள் அந்தக் கம்பெனியில் வேலை பார்ப்பவள். மருமகள் பதவியை விடச் சொன்னால்கூட யோசிப்பாள், இதை விடமாட்டாள்.

இதில் ஊழியர்கள் வேறு அவளையே தங்கள் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். தலைவர் எவனை வேண்டுமானாலும் முறைப்பார், மருமகளை முறைத்தால் ராத்திரி சூப் கிடைக்காதே என்று கணக்கு. வெள்ளிக்கிழமை எல்லாரும் கை தூக்க வேண்டும். பாதிக்கு மேல் தூக்கினால்தான் அந்த உத்தரவு செல்லும். நாரேயின் கை எப்படியோ அப்படியே எங்கள் கைகளும் என்று மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள்.

கை தூக்குவது நாளைக்கு. வாய்ச்சண்டை இன்றைக்கு.

சமையலறையில் நாரே ஒரு மீன் துண்டை முட்டையில் தோய்த்துத் தோய்த்து எடுத்துக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே போதுமான அளவு குளித்திருந்தது.

“விடுடி அதை. போய்ச் சட்டை மாத்து. மீட்டிங்குக்கு மணி ஆகுது.”

“அக்கா, ஒரே ஒரு உதவி. நான் பேசிட்டிருக்கறப்ப பின்னால வந்து தலையைக் காட்டாதீங்க.”

“நான் எதுக்கு வரேன்?”

“போன மாசம் கிம்ச்சி டப்பாவோட வந்து எங்க ஆஃபீஸ் பாங்கிட்ட நலம் விசாரிச்சீங்க.”

“அந்தப் பையன்தானே முதல்ல தலை குனிஞ்சான்? மரியாதைக்குக் கேட்டேன்.”

அவள் சிரிக்கவில்லை. மேலே வெள்ளைச் சட்டை, கீழே மாவு அப்பிய பூப்போட்ட பைஜாமாவோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அந்தக் கதவு முழுசாகச் சாத்தாது. அது எனக்கும் கதவுக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

திரையில் கட்டம் கட்டமாக முகங்கள். மான்சுவின் கட்டத்தில் வழக்கம்போல அவருக்குப் பின்னால் அந்தப் புத்தக அலமாரி. பள்ளிப் பிள்ளைகளுக்கான பயிற்சிப் புத்தகம் போடும் கம்பெனி அது. இந்த ஊரில் பிள்ளை பெறுகிறவர்களே அருகிப்போனார்கள், பயிற்சி யாருக்கோ! பக்கத்துக் கட்டத்தில் அவருடைய மகள் யோங்சுக். கம்பெனிக்கு மேனேஜர், நாரேக்கு மூத்த நாத்தனார். இரண்டு பதவியிலும் ஒரே முகம்தான் வைத்திருப்பாள்.

“அஞ்சு நிமிஷத்துல பேசி முடிக்கறதை அஞ்சு நாளா தட்டித் தட்டி அனுப்பிட்டிருக்கோம்,” என்று தொடங்கினார் மான்சு. “பாங், நீ என்ன சொல்ற?”

பாங் கையை ஆட்டி ஆவேசமாகப் பேசினான். வாய் மட்டும்தான் அசைந்தது.

“தம்பி, சத்தம் வரல.”

பாங் இன்னும் ஆவேசமானான்.

“பட்டனை அமுக்குங்க பாங்,” என்றாள் நாரே.

“...அதனாலதான் சொல்றேன் தலைவரே!” பின்னால் ஒரு கைக்குழந்தை வீறிட்டது. “மன்னிக்கணும். நான் சியோலை விட்டுக் காங்நுங் வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. மனைவி ஊரு. இங்கேருந்து என் புத்தகம் ஒண்ணாவது தாமதமா வந்திருக்கா?”

“தாமதமா வரல. தப்பா வந்துச்சு,” என்றாள் யோங்சுக். “ரெண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்துல மூணாம் வகுப்பு விடையை ஒட்டி அச்சடிச்சோம். நாடு முழுக்க அம்மாக்கள் ஃபோன் பண்ணித் திட்டினாங்க. பக்கத்துப் பக்கத்து மேசையில இருந்திருந்தா அது நடந்திருக்குமா?”

“பக்கத்துப் பக்கத்து மேசையில இருந்த காலத்துல அட்டையில கம்பெனி பேரையே தப்பா அச்சடிச்சோம், மேனேஜர்,” என்றாள் நாரே.

யாரோ ஒரு கட்டத்தில் சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

புதிதாகச் சேர்ந்த சின்னப் பெண் ஒருத்தி மெதுவாகக் கை தூக்கினாள். “எனக்கு வரணும்னுதான் இருக்கு. என் ரூம்ல படுக்கையிலேருந்து கை நீட்டினா அடுப்பு. சேர்ந்ததுலேருந்து உங்க யாரையும் முழு உருவமா நான் பார்த்ததில்ல.”

“உனக்கு வரணும்னா நீ வரணும். அதை நான் தடுக்கல,” என்றாள். “முடியாதவங்களை வா வான்னு இழுக்காதீங்கன்னுதான் சொல்றேன்.”

“முடியாதவங்கன்னு யாரும் கிடையாது,” என்றார் மான்சு. குரல் உயர்ந்தது. “மனசு இல்லாதவங்கதான் இருக்காங்க. நான் தினமும் வரேன். பனி கொட்டினாலும் வரேன். நேர்ல வந்து நிக்காத மரியாதை எனக்கு வேண்டாம். அது மரியாதையே இல்ல, பொய்.”

நாரேயின் நாற்காலிச் சக்கரம் ஒரு சாண் பின்னால் போனது.

“அப்போ அத்தைக்கு நாம ஃபோன்ல செஞ்ச படையல் எல்லாம் பொய்யா, மாமா?”

ஆஃபீஸ் கூட்டத்தில் அவரை அவள் மாமா என்று அழைத்ததே கிடையாது. தலைவரே என்பாள், அதுவும் எழுந்து நின்று சொல்வதுபோல. அத்தனை கட்டங்களும் உறைந்துபோயின. நெட் போய்விட்டதோ என்றுகூட நினைத்தேன். பாங்கின் குழந்தைகூட வாயை மூடிக்கொண்டது.

“நாளைக்குப் பார்க்கலாம்,” என்றார் மான்சு. அவருடைய கட்டம் கறுப்பானது.

என் சட்டியில் ஆறு துண்டு மீன் கரிந்திருந்தது. அவற்றைப் படையலில் வைக்க முடியாது. நின்றபடியே தின்றுவிட்டேன்.

*

சாயங்காலம் யோங்சுக் ஒரு பெட்டி பேரிக்காயோடு வந்தாள். காலணியைக் கழற்றும்போதே பார்வை நாரேயின் மேல்தான். நான் முள்ளங்கி சூப்பைக் கிண்டுவதில் மும்முரமாக இருந்தேன். அதைக் கிண்டவே வேண்டாம்.

“ஊழியர்கள் முன்னால அப்பாவை அப்படிக் கேட்டுட்டியே.”

“வேணும்னு கேட்கல அண்ணி. வாய்ல வந்துடுச்சு.”

“முதல் வருஷம் அஞ்சு பேர் ஒண்ணாக் கூடக் கூடாதுன்னு சட்டம் போட்டாங்க. நம்ம வீட்ல சரியா அஞ்சு பேர். யாரை வெளியில நிறுத்தினீங்க? என்னை.” பேரிக்காயின் தலையைச் சீவிச் சீவி வைத்தாள். “ஆஃபீஸ்ல தனியா நின்னு ஃபோனைப் பார்த்து விழுந்து கும்பிட்டேன். எழுந்து பார்த்தா படம் நின்னு போச்சு. ஒரு வட்டம் சுத்திட்டே இருக்கு. அம்மாவுக்குப் பதிலா அந்த வட்டத்தைத்தான் கும்பிட்டேன். அது போதும்னு சொல்றியா?”

“போதும்னு சொல்லல. பொய்யில்லன்னு சொல்றேன்.”

“நீ நல்லாப் பேசுவ. அதுக்குத்தானே உன்னைத் தேர்ந்தெடுத்தாங்க.”

“சோமி பள்ளிக்கூடம் விட்டு வந்து பூட்டின கதவைப் பார்த்துட்டு நிப்பா அண்ணி. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க. இப்பவே கை தூக்கறேன்.”

யோங்சுக் எதையோ சொல்ல வாயெடுத்தாள். பேரிக்காயைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

அந்த நொடி எனக்கு மூக்கில் ஏதோ வாசனை அடித்தது. சூப் இல்லை. எந்தச் சண்டையிலும் கடைசி வார்த்தையை விட்டுக்கொடுக்காதவள் யோங்சுக்.

கிதே படையலை அடுக்கினான். படம், ஊதுபத்தி, சோறு, சூப், மீன், உலர்ந்த சீமைப் பனிச்சைப் பழம், இலந்தை. போனவர் உள்ளே வரவேண்டுமே என்று வாசல் கதவைத் திறந்து ஒரு காலணியை அணைகொடுத்து வைத்தான். வெளித் தாழ்வாரத்துக் குளிர் உள்ளே வந்தது. மான்சு வரவில்லை.

சோறு ஆறியது. மறுபடி சூடு பண்ணினோம். மறுபடி ஆறியது.

ஃபோன் அடித்தது. திரையில் மான்சு. பின்னால் அதே அலமாரி.

“நான் ஆஃபீஸ்ல இருக்கேன். வரல. ஃபோனைப் படையல் முன்னால நிறுத்துங்க. நான் இங்கேருந்து கும்பிடறேன்.”

“அப்பா, என்னப்பா இது?” என்றான் கிதே.

“ஏன்? நேர்ல வரணும்னு அவசியமில்லன்னு பிரதிநிதியம்மா சொல்லியாச்சே. சரியா இருக்கான்னு பார்த்துடலாம். கிதே, சாராயத்தை நீ ஊத்து.”

கிழவருக்கு எழுபது வயது. கோபித்துக்கொண்ட பிள்ளை மாதிரி உதட்டை இறுக்கி நின்றார். ஆனால் குறி தப்பவில்லை. ஃபோனிலேயே கும்பிடட்டும் என்றால் மாமனாரைப் படையலுக்கு வரவிடாமல் செய்தவள் நாரே. நேரில் வாங்க என்று கெஞ்சினால் நாளைக்குக் கை தூக்க வேண்டியதுதான்.

நாரே ஃபோனைக் கையில் எடுத்தாள்.

“கும்பிடாதீங்க மாமா. அங்கேயே இருங்க.”

துண்டித்தாள். அலமாரியைத் திறந்து டப்பாக்களை எடுத்து மேசைமேல் கொட்டினாள். “படையலை அங்க கொண்டுபோறோம்.”

“ஆஃபீஸுக்கா?” என்றான் கிதே.

“நேர்ல வரணும்னு சொன்னாரில்ல. வரேன்.”

“வேண்டாம்!” என்றாள் யோங்சுக்.

எல்லாரும் அவளைப் பார்த்தோம்.

“எதுக்கு இந்தக் குளிர்ல? சூப் கொட்டும். அப்பா பிடிவாதம் பிடிக்கறார், விடு. ஃபோன்லயே முடிச்சிடலாம். ஒரு தடவைதானே. அதுவே போதும்.”

அரை மணி நேரத்துக்கு முன்னால் வட்டத்தைக் கும்பிட்ட கதை சொன்னவள் இவள்தான். சொல்லக் கூடாது, இருந்தாலும் சொல்கிறேன்: ஆட்களை நேரில் வா வா என்று தினம் தொண்டை கிழியக் கத்துகிறவள், அந்த இடத்துக்கு ஒருத்தி கிளம்பியதும் ஏன் இப்படி வெளிறிப்போனாள்?

“சூப்பை நான் மடியில வச்சுக்கறேன்,” என்றேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. சூப்புக்கு ஒரு மடி வேண்டும் அல்லவா?

காரில் கிதே ஓட்ட, யோங்சுக் முன்னால். பின்னால் நாரே, சோமி, நான், சூப். பூச்சோன் பாலத்தைத் தாண்டும்போது சோமி கேட்டாள்: “பாட்டி இப்ப நம்ம வீட்டுக்கு வந்துட்டா? அங்க யாருமே இல்லையே.”

கிதே கல்யாணமான நாளிலிருந்து ‘ம்ம்’ தவிர வேறு சொல் அதிகம் பேசி நான் கேட்டதில்லை. அன்று பேசினான்.

“உன் பாட்டி கடைசி வரைக்கும் தினமும் காலையில அந்த ஆஃபீஸுக்குத்தான் போனாங்க. வழி நல்லாத் தெரியும்.”

யோங்சுக் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

*

கம்பெனி ஏழாவது மாடியில். லிஃப்ட் திறந்ததும் கண்ணாடிக் கதவு. நாரேயின் கைரேகையை அது இன்னும் மறக்கவில்லை. க்ளிக் என்று திறந்தது. மூன்று வருடத்துக்குப் பிறகு உள்ளே கால் வைத்தாள். வைத்த கால் அப்படியே நின்றது.

அலமாரி இருந்தது. திரையில் நாங்கள் பார்த்துப் பார்த்துப் பழகிய அதே அலமாரி. அதற்கு எதிரே, கேமராவுக்குப் பின்புறம் இருந்த பக்கத்தில், ஒன்றுமே இல்லை.

மேசை இல்லை. தடுப்பு இல்லை. தரைவிரிப்பில் மேசைக் கால்கள் அழுத்திய சதுரத் தடங்கள் மட்டும் வரிசை வரிசையாக. வெட்டிய வயர்கள் தரையிலிருந்து முளைத்து நின்றன. ஜன்னலோரமாக நாலே நாலு மேசை. மீதி இடமெல்லாம் பள்ளிக்கூட மைதானம் மாதிரி வெறிச்சென்று கிடந்தது.

மான்சு கோட்டு சூட்டோடு நின்றிருந்தார். ஃபோனைப் பார்த்துக் கும்பிடுவதற்காகக் காலணியைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் முதலில் யோங்சுக்கைத்தான் பார்த்தார்.

“நான் சொல்லலப்பா,” என்றாள் யோங்சுக்.

நாரே சுற்றிலும் பார்த்தாள். “பதினோரு பேர் மாமா நாங்க.”

அவர் கழற்றி வைத்த காலணியை இன்னும் ஓரமாகத் தள்ளினார்.

“பதினோரு பேரும் மார்ச்ல வந்தா எங்க உட்காருவோம்?”

“வரமாட்டாங்க,” என்றாள் யோங்சுக் மெல்ல. “பாங் வரமுடியாது. இன்னும் ரெண்டு பேர் ரொம்ப தூரத்துல, சூவோன் தாண்டி இருக்காங்க. இன்னும் சில பேர்... வான்னு சொன்னா பாதிக்கு மேல அவங்களாவே வேலையை விட்டுடுவாங்க.”

“பாதி இடத்தைத் திருப்பித் தரேன்னு போன இலையுதிர்காலத்துலயே கட்டடக்காரர்கிட்ட எழுதிக் கொடுத்து மேசையெல்லாம் எடுத்துட்டோம்,” என்றார் மான்சு. தரையைப் பார்த்துப் பேசினார். “புத்தகம் வாங்கப் பிள்ளைங்க இல்லம்மா. ஒவ்வொரு வருஷமும் ஒரு பள்ளிக்கூடம் மூடறான். பாங் எங்கிட்ட வரும்போது மீசைகூட முளைக்கல. அவன் கல்யாணத்துல நான்தான் பேசினேன். அவனைக் கூப்பிட்டு உட்காரவச்சு, உனக்கு இங்க வேலை இல்லடான்னு... என் வாயால வராது. எவனையும் போன்னு சொல்லி எனக்குப் பழக்கமில்ல.”

“போன்னு சொல்ல முடியாம,” என்றாள் நாரே, “வான்னு சொன்னீங்களா?”

நான் சூப் பானையை இறக்கி வைக்க இடம் தேடினேன். சில வாக்கியங்களைக் கேட்கும்போது கையில் பாரம் இருக்கக் கூடாது.

மான்சு ஜன்னலோர மேசைகளைக் காட்டினார். “இது என்னோடது. அது யோங்சுக். அது புத்தகத்துக்குப் படம் வரையறவரோடது. இது...”

நாலாவது மேசையில் ஒரு பூப்போட்ட கோப்பை. நாற்காலி முதுகில் ஒரு பழைய சால்வை. மேசைக்கு அடியில் ஒரு ஜோடி நீல சிலிப்பர். ஆஃபீஸில் எல்லாரும் வெளிக்காலணியைக் கழற்றிவிட்டு மாட்டிக்கொள்வார்களே, அந்தச் சிலிப்பர். கொள்ளைநோய் தொடங்கிய அன்று, அடுத்த வாரம் வந்துவிடலாம் என்று நாரே விட்டுவிட்டு வந்தது.

“மத்தவங்களோடது எல்லாத்தையும் பெட்டியில போட்டுட்டோம். உன்னோடதை நான் எடுக்கவிடல,” என்றார். “நீ போகக் கூடாது. சோமிக்காகத்தானே யோசிக்கற? பள்ளிக்கூடம் விடற நேரத்துக்கு நீ கிளம்பிப் போ. இல்ல, அவளை இங்க கூட்டிட்டு வா, உட்கார்ந்து வரையட்டும். யார் கேட்கப்போறா? உனக்கு மட்டும். நாளைக்குக் கையை மட்டும் தூக்கிடும்மா.”

“இதை நீங்க சாயங்காலம் சொல்ல வந்தீங்களா அண்ணி? பேரிக்காய் சீவறப்ப?”

யோங்சுக் தலையசைத்தாள். “வெட்கமா இருந்துச்சு.”

அவளுடைய இத்தனை வருடப் பேச்சில் நான் கேட்ட உருப்படியான சொல் அதுதான்.

நாரே டப்பாக்களைத் திறக்கத் தொடங்கினாள். “முதல்ல அத்தைக்குச் சோறு வைக்கலாம். ஆறிடுச்சு.”

நாலு மேசையையும் சேர்த்துப் போட்டோம். கிதேயும் யோங்சுக்கும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளினார்கள். நாலும் சேர்ந்தால் ஒரு படையலுக்குச் சரியாக இருந்தது. படத்தை நடுவில் வைத்தார்கள். கண்ணாடிக் கதவைத் திறந்து, அணைகொடுக்க வேறொன்றும் இல்லாததால் மூன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகக் கட்டு ஒன்றை வைத்தான் கிதே.

மான்சு சாராயம் ஊற்றினார். ஐந்து பேரும் வரிசையாக நின்று தரையில் நெற்றிபட விழுந்து எழுந்தார்கள். நாரேயின் சிலிப்பர் மேசைக்கடியிலேயே இருந்தது; அவள் காலுறையோடு அந்தச் சில்லிட்ட தரையில் நின்றாள். இரண்டாவது முறை விழுந்தபோது மான்சு எழ நேரமானது. யோங்சுக் அவர் முழங்கையைப் பிடித்தாள். இந்த முறை வட்டம் எதுவும் சுற்றவில்லை.

ஊதுபத்தி முழுதாக எரியும்வரை எல்லாரும் தலைகுனிந்து நின்றார்கள். அப்போது நாரேயின் பையில் ஃபோன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற என் கண்ணும் போயிற்று. எழுத்து பெரிதாக இருந்தால் நான் என்ன செய்ய?

பாங் அனுப்பியிருந்தான்: ‘மேடம், தலைவர் ரொம்பக் கோபமா? என் வேலைக்காக நீங்க வீட்ல சண்டை போடாதீங்க. மனைவிகிட்ட பேசிட்டேன். நீங்க கை தூக்கினா நானும் தூக்கறேன். சியோல்ல வாடகைக்கு வீடு பார்க்கச் சொல்லிட்டேன். குழந்தையை எப்படியாவது சமாளிச்சுக்கறோம். என் மேசை ஜன்னல் பக்கம் இருந்துச்சே, அது இன்னும் அங்கதானே இருக்கு?’

நாரே திரையை அணைத்தாள். ஜன்னல் பக்கம் பார்த்தாள். தரைவிரிப்பில் ஒரு சதுரத் தடம்.

“யாரு?” என்றார் மான்சு.

“பாங்.”

“என்னவாம்?”

“வராராம் மாமா,” என்றாள். “குடும்பத்தோட.”

மான்சு இலந்தையை எடுக்க நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு படையல் சோற்றை எல்லாரும் பகிர்ந்து சாப்பிட்டோம். சோமிக்கு மட்டும் அந்த இடம் மிகவும் பிடித்துப்போயிற்று. அம்மாவின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து காலால் உந்தினாள். சர்ரென்று ஓடியது. என் கூரைக்கு மேலே மூன்று வருடமாகக் கேட்ட அதே சத்தம்தான். ஆனால் இங்கே எந்தச் சுவரிலும் முட்டவில்லை. போய்க்கொண்டே இருந்தது. சோமி வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அந்த வெற்றுத் தரையில் சுற்றிச் சுற்றி வந்தது.

“அவளை நிறுத்தச் சொல்லு,” என்றார் மான்சு.

யாரும் சொல்லவில்லை.

கிளம்பும்போது நாரே டப்பாக்களை அடுக்கினாள். பிறகு குனிந்து மேசைக்கடியிலிருந்த சிலிப்பர் ஜோடியை எடுத்து, தனியாக ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டாள்.

யோங்சுக் பார்த்துவிட்டாள். “அதை எதுக்கு எடுக்கற?”

“மூணு வருஷமாக் கிடக்கு அண்ணி. கழுவிக் கொண்டுவரேன்.”

“கொண்டுவருவியா?”

நாரே கோட்டுக்குப் பட்டன் போட்டாள். ஒவ்வொரு பட்டனாக, மேலிருந்து கீழ்வரை. மான்சு முகத்தைத் திருப்பி, அலமாரியில் நேராக இருந்த புத்தகங்களை இன்னொரு முறை நேராக்கினார்.

திரும்பும்போது பானை காலி. என் மடியில் அந்தப் பிளாஸ்டிக் பைதான் இருந்தது. சோமி தூங்கிவிட்டாள். நாரே ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு பாங்கின் செய்தியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். பதிலாக ஓர் எழுத்தைத் தட்டினாள், அழித்தாள். இன்னொன்றைத் தட்டினாள், அதையும் அழித்தாள்.

முடிச்சு கொஞ்சம் தளர்வாக இருந்தது. இருட்டில் உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன்.

தூசி இல்லை. ஒரு துளி அழுக்கில்லை. யாரோ தினமும் துடைத்து வைத்திருக்கிறார்கள். கழுவுவதற்கு அதில் ஒன்றுமே இல்லை.